ஐம்பது வோல்ட்டும் பகவதி டீச்சரும்

கரமனைப் பாலத்து நெரிசலில் பேருந்து நின்றிருந்தபோதுதான் கைபேசியில் செய்தி வந்தது. ‘டீச்சர் போயி, சார்’ என்று ஒரே வரி; பகவதி டீச்சர் இறந்துவிட்டார். அனுப்பியவள் பழைய மாணவி, இன்று சிப் வடிவமைக்கும் பொறியாளர். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

பகவதி டீச்சரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? எங்கள் பொறியியல் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் அவர் பயிற்றுநர். பாடத்தை மலையாளத்தில் நடத்துவார், திட்டுவதை மட்டும் நாஞ்சில் நாட்டுத் தமிழில் வைத்துக்கொள்வார். பேராசிரியர் அல்லர் என்பதை அவருக்கு நினைவூட்ட நாங்கள் யாரும் தவறியதில்லை.

கணினியில் சர்க்யூட் வரைந்து ஓட்டிப் பார்க்கும் மென்பொருளை ஆய்வகத்துக்குக் கொண்டுவர அவர் மனு கொடுத்தார். துறைத்தலைவனான நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். “மவுசைத் தட்டியே பிள்ளைங்க பாஸாயிடும் டீச்சர்” என்றேன்.

“ஒரு நாள் வந்து பாருங்க சார். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னா, பின்னே நான் மிண்டவே மாட்டேன், வாயே தொறக்க மாட்டேன்” என்றார்.

ஐந்து ஆசிரியர்கள் போனோம். அன்று நான் தலையசைக்காவிட்டால் அந்த மனு குப்பைக்கூடைக்குத்தான். திரையில் எளிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று. உள்ளே போகும் அரை வோல்ட்டை நூறு மடங்கு பெருக்குவது. டீச்சர் எங்கள் ஐவருக்கும் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தார். “வெளியே என்ன வரும்னு வரஞ்சு தாங்க. பேரு வேண்டாம். அதுக்கப்புறம்தான் ரன் பட்டனை அமுக்குவேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐம்பது வோல்ட் அலையை வரைந்து, வழக்கம்போல் விடைக்கடியில் இரண்டு கோடு போட்டேன். திரையிலும் ஐம்பது வந்தது. எனக்கு ஒரே மிதப்பு.

பிறகு அதே சர்க்யூட்டை மேசைமேல் நிஜப் பாகங்களால் ஒரு பலகையில் இணைத்துக் காட்டினார். அலை பன்னிரண்டு வோல்ட்டைக்கூட எட்டாமல் மேலும் கீழும் வெட்டுப்பட்டு மொட்டையாக நின்றது.

“சப்ளை பன்னிரண்டு வோல்ட்டுதானே? பாக்கி எங்கேருந்து வரும்? சாஃப்ட்வேருக்கு நாம அதைச் சொல்லல்லே, அதுவும் கேக்கல்லே. பிள்ளைங்க கேக்கணும் சார். அதுக்குத்தான் இந்த லேப்” என்றார்.

இருபது வருடம் இதே பாடத்தை நடத்திய எனக்கு முகம் சுட்டது. யார் சரியாக வரைந்தது என்று ஒருவர் கேட்டார். டீச்சர் தாள்களைப் புரட்டினார். என் இரட்டைக்கோடு அவருக்கு நன்றாகத் தெரியும். “எல்லாரும் நல்லாதான் யோசிச்சிருக்காங்க” என்று தாள்களை ஒரு கோப்புக்குள் வைத்து மூடினார். அன்றே மனுவில் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் என் மேசையில் ஓர் உறை. உள்ளே என் தாள். கடைசிவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பின் அந்த ஆய்வகத்தில் பென்சில் கோடு இல்லாமல் யாரும் ரன் அமுக்கியதில்லை. கோடும் திரையும் ஒத்துப்போகாத நாளில்தான் டீச்சருக்குக் குஷி. “இப்பம்தான் கிளாஸ் தொடங்குது” என்பார். நம் பிள்ளைகள் இன்று எந்த நிறுவனத்திலும் திரையைப் பார்த்து மிரளாமல் கேள்வி கேட்கிறார்கள் என்றால், அது அவர் கொடுத்த தைரியம். அவரோடு வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தத் தாளை இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்தேன். இந்தத் திங்கட்கிழமை அதை ஆய்வகத்து வாசலில் ஒட்டினேன். டீச்சர் எழுத விடாத பெயரை, ஐம்பதுக்குக் கீழே நானே எழுதினேன். பக்கத்தில், அப்போது நான் துறைத்தலைவன் என்பதையும்.