மஞ்சள் கதவு வீட்டுச் சாப்பாடு

ஏஜென்டுமார் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுப்பார்கள். கடவுச்சீட்டில் உங்கள் பெயர் என்ன, விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது, அதிகாரி முறைத்துப் பார்த்தால் எந்த மாமன் மகளின் கலியாணத்துக்குப் போவதாகப் பச்சைப் பொய் சொல்வது என்று பாடமாக்கி அனுப்புவார்கள். போகிற ஊரில் எங்கே சாப்பிடுவது என்று மட்டும் ஒருவனும் சொன்னதில்லை. கனடாவுக்குப் போகிறவனுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு நினைவு வராது.

அந்தக் குறையைத் தீர்க்கக் குகதாசன் இருந்தார். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து மிச்சக் காசை ஒரு ஓட்டை வழியாகத் தள்ளிவிடுகிற வேலை. வாங்குகிறவன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வீடு, ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. அந்த இரண்டு அறையைத் தேடி ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் ஈஸ்ட் ஹாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லண்டனில் வந்து தங்கி, இங்கே சரிவராமல், குவாத்தமாலா வழியாக மெக்சிக்கோ, அமெரிக்கா தாண்டிக் கனடா போகப் புறப்பட்டவர்கள். சனம் அவருக்குக் 'குவாத்தமாலா குகன்' என்று பட்டம் வைத்திருந்தது. நம்முடைய ஆட்கள் பட்டம் வைப்பதில் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. அவருக்கு அதில் கோபமும் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

எண்பத்தாறில் அவரும் கனடாவுக்கென்றுதான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். விமானம் மாறி விமானம் ஏறி, கடைசியில் ஒரு லொறி கொண்டுபோய்க் குவாத்தமாலாவில், மெக்சிக்கோ எல்லைக்குப் பக்கத்தில் எல் பொசித்தோ என்ற சின்ன ஊரில் இறக்கிவிட்டது. ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், ஒரு சந்தை, அவ்வளவுதான் ஊர். நாளைக்கு வருகிறேன் என்று போன ஏஜென்டின் ஆள் வரவேயில்லை. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட, குகதாசன் தனியாக நின்றார். பஸ் நிற்கும் இடத்தில் வாங்கித் தின்றது வயிற்றைக் கலக்கிப் படுக்கையில் போட்டது. சதுக்கத்தில் மேசைவிரிப்புப் போட்ட கடைக்குள் ஆசையோடு நுழைந்தவர், உள்ளே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரர்களைக் கண்டதும் வந்த வழியே திரும்பினார். பசி கண்ணை இருட்ட, சந்தைக்குப் பின்னால் சமையல் வாசனை வந்த பக்கம் நடந்தார். அங்கே ஒரு மஞ்சள் கதவு திறந்து கிடந்தது.

அது கடையல்ல. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தன் குசினியில் சமைத்துப் போடும் ஒரு விதவையின் வீடு. எல்வீரா என்று பெயர். கறுப்பு அவரையை மசிய அவித்து, சோள ரொட்டி சுட்டு, வாழைப்பழம் பொரித்து, மூலையில் ஒரு உரலில் செத்தல் மிளகாய் இடித்து வைத்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. தட்டில் இறைச்சி வந்துவிடுமோ என்று குகதாசன் இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீட்டுப் பிள்ளை. பெயர்கூட மாறிப்போன பயணத்தில் அவருடையதென்று மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். எல்வீரா சிரித்தாள். அது தவக்காலம், அவளும் வெள்ளியில் இறைச்சி சமைப்பதில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டி, பானையைச் சரித்து உள்ளே அவரை மட்டும் இருப்பதைக் காட்டினாள். குகதாசன் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார்.

அதன்பிறகு அவர் வேறெங்கும் சாப்பிடவில்லை. கையில் காசு தீர்ந்த பிறகும் அந்தத் தட்டு வந்தது. விறகு கொத்திக் கொடுத்தார், தண்ணீர் அள்ளினார். ஒருநாள் துணிந்து எல்லைக்குப் போய்ப் பிடிபட்டார். திருப்பி அனுப்பியபோது ஹீத்ரோவில் விமானம் மாறவேண்டியிருந்தது. அவர் மாறவில்லை, அகதி என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். லண்டன் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

வருகிறவர்களுக்கு அவர் சொல்வது எப்போதும் ஒரே கதை. அவர் மனைவி வசந்தமலருக்கே அது மனப்பாடம்.

"பஸ் நிக்கிற இடத்திலை ஒண்டும் வாயிலை வைக்காதேங்கோ, வயித்தாலை போகும். சதுக்கத்திலை மேசைவிரிப்புப் போட்ட கடை ஒண்டு இருக்கு, அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்காதேங்கோ, பொலிஸ் சாப்பிடுற இடம். சந்தைக்குப் பின்னாலை போனால் மஞ்சள் கதவு. தட்டவேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கோ. எல்வீரா அக்கா எண்டு கூப்பிட்டால் விளங்கும். குகன் அனுப்பினவர் எண்டு சொல்லுங்கோ."

"அவவுக்குத் தமிழ் படிப்பிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கிறார்" என்று வசந்தமலர் தேத்தண்ணி வைத்தபடி சிரிப்பாள்.

பிறகு கனடாவிலிருந்து தொலைபேசி வரும். "அண்ணை, வந்து சேர்ந்திட்டம். அக்கா உங்களைச் சுகம் கேட்டவ." அன்று முழுக்க மனிதர் தலைகால் தெரியாமல் திரிவார். கூண்டுக்குள் இருந்தபடி, முகம் பார்க்காதவனுக்கும் சிரித்துக்கொண்டு மிச்சக் காசைத் தள்ளுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த லண்டன் அவருக்கு வேறு எந்த மரியாதையைக் கொடுத்தது?

அவருக்கு ஒரு தம்பி, ஆனந்தராஜா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு இரத்த உறவு என்று மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். தொண்ணூற்றொன்றில் லண்டனுக்கு வந்து அண்ணன் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்து, பகலில் ஒரு கடையில் பெட்டி அடுக்கினான். குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு நடந்து நடந்து கடைசியில் அகதிக் கேஸ் சரிவரவில்லை. திருப்பி அனுப்பப்படலாம் என்று வக்கீல் சொன்ன அன்று அண்ணன் சாப்பிடவில்லை, தம்பிதான் அண்ணனைத் தேற்றினான்.

"கனடா போறன் அண்ணை. உங்கடை வழியாலையே போறன். எனக்கெண்டால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை."

தொண்ணூற்று மூன்றில், பயணத்துக்கு நாள் குறித்த கிழமை, குகதாசன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மளிகைக் கடைக்குப் போயிருந்தார். மரக்கறிப் பெட்டிகளுக்கு இடையில் ஒருவன் அவர் கையைப் பிடித்தான். கோபாலகிருஷ்ணன். சில மாதங்களுக்கு முன் அவரிடம் வழி கேட்டுப் போனவன். இங்கே அகதிக் கேஸ் இன்னும் முடியாதவன் என்பதால், பிடிபட்டதும் லண்டனுக்கே திருப்பி அனுப்பப்பட்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

"அண்ணை, கோவியாதேங்கோ. அந்த வீட்டுக்கு இனி ஆக்களை அனுப்பாதேங்கோ. நீங்கள் சொல்லி, ஏஜென்டுமாரும் சொல்லி, இப்ப அங்கை எங்கடை சனம் அன்னதானத்துக்கு நிண்ட மாதிரி நிக்குது. பொலிஸுக்கு இனி தேடவேண்டிய வேலையே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு ஜீப்பைக் கொண்டந்து சந்தையடியிலை விட்டிட்டு இருக்கிறாங்கள்."

"உம்மை அங்கையோ பிடிச்சவங்கள்?"

"வெளியிலை வரேக்கை."

குகதாசனுக்கு முகம் கறுத்துவிட்டது. தன் வீட்டுச் சாப்பாட்டில் யாரோ குற்றம் பிடித்தது போல இருந்தது. போன ஞாயிறுதானே ஒரு பெடியன் ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்து, அக்கா வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொன்னான்? இவன் தெருவில் எங்கேயோ பராக்குப் பார்த்துப் பிடிபட்டிருப்பான், பழியை அந்தப் புண்ணியவதி வீட்டில் போடுகிறான். ரயிலில் வரும்போது இப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார். ஆனாலும் சொல்லை முழுதாகத் தட்டிவிட முடியவில்லை. தம்பியிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் படியேறினார்.

மேலே வீடு முழுக்கக் காரம். வசந்தமலர் மிளகாயும் மல்லியும் வறுத்து, அரைத்து, யாழ்ப்பாணத் தூளை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ஆனந்தராஜாவுக்குத் தும்மல் நிற்கவில்லை.

"இது எல்வீரா அக்காவுக்கு" என்றாள் வசந்தமலர். "எத்தினை வருசமாய் எங்கடை ஆக்களுக்கு அவிச்சுப் போடுறா. நாங்கள் அவவுக்கு ஒண்டும் குடுக்கேல்லையெல்லே."

குகதாசன் அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். சூடு ஆறாமல் இருந்தது. ஏழு வருடமாகத் தன் புத்திக்கு எட்டாததை மனைவி செய்துவிட்டாள் என்று அவருக்குக் கண் கலங்கியது. எல்வீரா அதை முகர்ந்து பார்ப்பதையும், சிரிப்பதையும், கறுப்பு அவரை வேகும் பானைக்குள் ஒரு கரண்டி போடுவதையும் நினைத்துப் பார்த்தார். கோபாலகிருஷ்ணன் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணை, மஞ்சள் கதவுதானே? இப்ப வேறை நிறம் அடிச்சிருந்தால்?" என்று கேட்டான் தம்பி.

வேறெங்கே சாப்பிடச் சொல்வது? அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த கதவு ஒன்றே ஒன்றுதான்.

"மஞ்சள்தான்" என்றார். "தள்ளிக்கொண்டு போ."

தம்பி போனபிறகு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தார். மணி அடித்தபோது அவர்தான் பாய்ந்து எடுத்தார். இரைச்சலுக்கு நடுவில் ஆனந்தராஜாவின் குரல் கேட்டது.

"அண்ணை, பிடிச்சிட்டாங்கள்."

"எங்கை? எல்லையிலையோ?"

"அக்கா வீட்டிலை."

தம்பி அவரைத் தேற்றுகிற குரலில் பேசத் தொடங்கினான். அதுதான் கொடுமை.

"நீங்கள் சொன்ன மாதிரித்தான் அண்ணை, நல்ல சாப்பாடு. எங்கடை ஆக்கள் கனபேர் இருந்தவை. சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை வந்து வாசல்லை நிண்டாங்கள். சாப்பிட்டு முடிக்க விட்டவங்கள். அண்ணியின்ரை தூளை என்னவோ எண்டு நினைச்சு ஒருத்தன் மணந்து பாத்திட்டுத் தும்மித் தும்மி வெளியிலை ஓடினான்." அவன் சிரித்தான். லண்டனில் அந்தக் கதிரையில் படுத்துக்கொண்டு சிரிக்கும் அதே சிரிப்பு.

"அக்கா?"

"அவவையும் ஜீப்பிலை ஏத்தினவங்கள். களவாய் வாற ஆக்களை ஒளிச்சு வைச்சிருந்தவ எண்டு. அடுப்பிலை பானை கிடந்தது. நெருப்பை அணைச்சுப்போட்டு வாறன் எண்டு கும்பிட்டவ, விடேல்லை."

பிறகு யாரோ ஸ்பானிஷில் அதட்டினார்கள். தொடர்பு அறுந்தது.

லண்டனில் கேஸ் தோற்றவன் என்பதால் அவனைக் கொழும்புக்கே அனுப்பிவிட்டார்கள். விமானத்தை விட்டு இறங்கினான் என்பது வரைக்கும் கூட வந்த ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகு அவனைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. குகதாசன் கொழும்பில் வக்கீல் பிடித்தார், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினார், கோயிலுக்கு நேர்ந்தார். கொழும்பில் எத்தனையோ தமிழ்ப் பெடியள் இப்படித்தான் காணாமல் போகிறார்கள் என்று சொல்லி வசந்தமலர் அவரைத் தேற்றுவாள். "நீங்கள் என்ன செய்வியள்? உங்களுக்கு முன்னமே தெரியுமோ?" என்பாள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். கோபாலகிருஷ்ணனைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவார். அவனும் ஒருநாளும் அவரைக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் ஊர் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கியிருக்கலாம். வாயே திறக்காத அவனுடைய நல்ல மனம்தான் குகதாசனை இன்னும் வதைத்தது.

தம்பிக்காக ஆற்றமாட்டாமல் அழுதவர், எல்வீராவை நினைத்தால் அழவும் வழியில்லாமல் போனார். அவளுக்கு அவர் கொடுத்தது என்ன? திறந்து கிடந்த ஒரு கதவை உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார். அவளைப் பற்றி விசாரிக்கவும் ஒரு முகவரி இல்லை. மஞ்சள் கதவு என்பது முகவரியா?

தொண்ணூற்றைந்தில் ஒரு மத்தியானம், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கணவனும் மனைவியும். புதுக்கலியாணம் போல. லீவில் வீட்டில் இருந்த குகதாசன் கதிரையைக் காட்டினார்.

"அண்ணை, நாங்கள் வாற கிழமை போறம். எல் பொசித்தோவிலை எங்கை சாப்பிடுறதெண்டு உங்களைத்தான் கேக்கச் சொன்னவை. ஏதோ மஞ்சள் கதவு வீடாம்."

வசந்தமலர் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அந்த வீட்டுப் பக்கம் போகாதேங்கோ" என்றார் குகதாசன். "ஆர் சொன்னாலும் போகாதேங்கோ. அங்கை இனி ஒருத்தரும் சமைக்கிறேல்லை. அங்கை சாப்பிட்டுத்தான் என்ரை தம்பி பிடிபட்டவன். பிடிபடுவான் எண்டு எனக்கு முதலே ஒருத்தன் சொன்னவன். நான் கேக்கேல்லை."

இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வசந்தமலரின் காதில் அது விழுந்தது.

வந்தவன் மனைவியைப் பார்த்தான். பிறகு பயந்து பயந்து கேட்டான். "அப்ப வேறை எங்கை அண்ணை சாப்பிடுறது?"

குகதாசன் யோசித்தார். சதுக்கம், பஸ் நிற்கும் இடம், சந்தை. அந்த ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கே திரும்பினாலும் கடைசியில் அந்தக் கதவுக்கே வந்து நின்றார்.

"தெரியாது தம்பி."

அந்தப் பெண் எழுந்திருக்கப் போனாள். அவர் கையைக் காட்டி இருத்திவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வசந்தி, சோத்தைப் போடும். இவை சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

வசந்தமலர் உள்ளே போய்ச் சட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. குகதாசன் வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, மரக்கறிதான். வயிறு நிறையச் சாப்பிடுங்கோ."