பெரிய திரை அணைந்த ஆட்டம்

அந்த விளையாட்டு சேனலில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. முதலாளி முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் ‘ரீவைண்டு அக்கா’. கேமரா பிடிப்பதை டேப்பில் பதிந்து, “போடு” என்றதும் மறுபடி போட்டுக் காட்டுவது அவள் வேலை. அவளை ஒரு முறைகூட “சீக்கிரம்” என்று யாரும் விரட்டியதில்லை. கேட்பவன் வாய் மூடுவதற்குள் படம் ஓடும்.

சேனல் பிறந்ததே ஒரு கைத்தவறில்தான். அப்போது அது சேனல் அல்ல, வீடியோ கடை. கடைக்காரர் மொட்டைமாடியில் டிஷ் வைத்து, சுற்றியுள்ள தெருக்களுக்கு ஒயர் இழுத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஊர் அவரை ‘டிஷ்காரர்’ என்றது. வாடகைக்குப் போன கேசட்டுகளை ஒருவரும் சுற்றித் தருவதில்லை. சுற்றி வைக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட வேண்டிய படத்தின் மேல் யாரோ ஒரு பிறந்தநாள் விழாவைப் பதிந்து திருப்பித் தந்திருந்தார்கள். தெருத்தெருவாக வசவு வந்தது. டிஷ்காரர் கல்யாண வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்கு ஓடினார். அங்கே நடந்த கால்பந்தாட்டத்தை அப்படியே ஒயரில் ஏற்றிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. “சட்டை மாட்டிட்டு இருந்தேங்க, கோல் போயிடுச்சு. இன்னொரு தடவ போடுங்களேன்.”

போனை எடுத்த அவள் பின்ஜன்னல் வழியாக மைதானத்துக்குக் கத்திச் சொன்னாள், டிஷ்காரர் “போடு” என்றார். ஆட்டம் கடையில் ஒரு டேப்பிலும் பதிந்துகொண்டிருந்தது; அவள் அதைச் சுற்றினாள். அன்றைக்கு அந்த ஒரு கோல் ஆட்டம் முடியும்வரை திரும்பத் திரும்ப ஓடியது.

அதற்குப் பிறகு படமே இல்லை, முழுநேரமும் விளையாட்டு. நேரத்தை நிரப்பக் கைமல்யுத்தம் காட்டினார்கள், நாய் ஓட்டம் காட்டினார்கள். சதுரங்கம் காட்டியபோது கேமராக்காரரே தூங்கிப்போனார். ஆட்டம் இல்லாத நாளில் போன வார ஆட்டம் ஓடும். அதற்கும் பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இருந்தார்கள். ஒயர் ஊர் தாண்டியது, கடை மூன்று மாடியானது, பழைய பால் வண்டி ஒளிபரப்பு வண்டியானது. வண்டியின் இரு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ‘சந்தேகமா? மறுபடி பார்!’

இதற்கிடையில் அவளுடைய தம்பி நடுவராகிவிட்டான். “தம்பி ஊதுறான், அக்கா சுத்துறா” என்று ஊர் கேலி செய்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுக்குற வேலையா பாத்து ரெண்டும் போய்ச் சேர்ந்துச்சுங்க” என்றாள்.

அப்படி ஒரு நாள் வந்தே விட்டது. கோப்பை இறுதியாட்டம், தம்பிதான் நடுவர். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நிற்க இடமில்லாமல் ஆட்கள் கம்பிவேலியில் கொடிபோலப் படர்ந்திருந்தார்கள். டிஷ்காரர் முதல் தடவையாக மைதானத்திலேயே ஒரு பெரிய திரை நட்டிருந்தார். வீட்டுக்குப் போகும் படமே அதிலும் ஓடும். காசு கொடுத்து வந்தவனுக்கு மட்டும் மறுபடி பார்க்கும் பாக்கியம் இல்லையா என்பது அவர் நியாயம்.

கடைசி நிமிடங்கள். உள்ளூர்க்காரன் அடித்த பந்து மேல்கம்பியில் பட்டு, நேராகக் கீழே விழுந்து, வெளியே துள்ளியது. மைதானமே கோல் என்று எழுந்தது. தம்பி இரண்டு கைகளையும் வீசினான். கோல் இல்லை, தொடர்ந்து ஆடு.

அவள் இருந்த ஒளிபரப்பு வண்டியின் தகரத்தை இரைச்சல் அதிர வைத்தது. அவள் அதற்குள் சுற்றிப் பார்த்துவிட்டாள். வலைக்குப் பின்னாலிருந்த கேமரா ஒன்றுதான் அதைச் சரியாகப் பிடித்திருந்தது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்திருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

“அக்கா, பின் கேமரா. போடுங்க” என்றார் இயக்குநர். அவளைவிட வயதில் சிறியவர். ஆட்டம் நடக்கும்போது மட்டும் வண்டிக்கு ராஜா.

“இரு.”

வண்டிக்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

“மாட்டிக்கிச்சா டேப்பு?”

“இல்ல. ரெடியா இருக்கு.”

“அப்புறம் என்ன? தம்பியக் காப்பாத்துறீங்களா?”

“ஆமா, காப்பாத்துறேன். அவன் கைய வீசுனது தப்பு. இதப் போய் அந்தப் பெரிய திரையில காட்டுனா, வேலிய மிதிச்சுக்கிட்டு உள்ள வந்துடுவாங்க. அவன உயிரோட விடுவாங்களா?”

வாக்கிடாக்கியில் டிஷ்காரரின் குரல் கிழிந்தது. “என்னடா பண்றீங்க உள்ள? ரீப்ளே எங்க? வண்டி மேல எழுதி வச்சிருக்கோம்ல!”

“பெரிய திரைய அணைங்க அண்ணே, போடறேன்” என்றாள் அவள்.

“அணைக்கிறதுக்கா நட்டு வச்சேன்? இன்னிக்கு மறைச்சா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? தம்பி பாசத்த வீட்டோட வச்சுக்கம்மா!”

அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் கேசட்டை வெளியே தள்ளியது. எடுத்து மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

“திரை அணைஞ்சா கேசட்டு உள்ள போகும். வீட்டுல இருக்குற அத்தனை பேருக்கும் காட்டறேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்.”

இயக்குநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்முன் ஒரு திரையில் வேலி வயிறு தள்ளி உள்ளே சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டில் தம்பியின் காலருகே விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தின் பின்னால் ஓடினான்.

“டேய் கம்பி!” என்று இயக்குநர் கத்தினார். ஒயர் இழுப்பவனுக்கு அதுதான் பெயர். “பெரிய திரை ஒயரப் பிடுங்குடா!”

“முதலாளி என்னைத் தொங்க விட்டுருவாருங்க.”

“தொங்குறதுக்கும் ஒயரு வேணும்ல? பிடுங்கு!”

திரை கறுத்தது. அவள் கேசட்டை உள்ளே தள்ளினாள், பந்து விழுந்த இடத்தைப் பிடித்தாள், போட்டாள். வீடு வீடாக, கடை கடையாக, பந்து கோட்டுக்குள்ளே மெதுவாக விழுந்தது. வர்ணனையாளர் சற்றுத் தயங்கி, “நேயர்களே, இது கோல்தான்” என்றார்.

மைதானத்துக்குள் இருந்தவர்களின் கோபம் கறுத்த திரையின் மேல் திரும்பியது. செருப்புகள் பறந்தன. டிஷ்காரரின் வாக்கிடாக்கியிலிருந்து வந்த வசவு அச்சேறாது. அந்த அமளிக்குள்ளேயே உள்ளூர் அணி தோற்று ஆட்டம் முடிந்தது. தம்பி உடை மாற்றும் அறைக்கு ஓடினான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாசலில் ஒரு கடையின் டிவி வழியாகச் சேதி உள்ளே வந்துகொண்டிருந்தது. அதற்குள் அவள் பின்கதவு வழியாகத் தம்பியை இழுத்துவந்து வண்டியில் ஏற்றி, ஒயர்ச் சுருள்களுக்குக் கீழே உட்கார வைத்தாள்.

வண்டி வெளி வாசலை அடைந்தபோது கூட்டம் மறித்துக்கொண்டது. தகரத்தில் தட்டு விழுந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார்.

“நீங்கதாண்டா ஆம்பளைங்க!” என்றது ஒரு குரல். “உண்மையக் காட்டுனீங்க!”

“ரீப்ளே போட்டது யாருப்பா? அந்த மகராசன் நல்லா இருக்கணும்!”

“அந்த நடுவர் மட்டும் கையில கெடைக்கட்டும்...”

ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். கூட்டம் வழி விட்டது. சிலர் வண்டிக்கு முன்னால் ஓடிப்போய் மற்றவர்களையும் விலக்கினார்கள். நடுவரை அவர்களே பத்திரமாக ஊருக்கு வெளியே அனுப்பி வைத்தார்கள்.

பாலம் தாண்டிய பிறகு ஒயர்ச் சுருள் அசைந்தது.

“அக்கா. அது கோலா?”

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். கேமரா மறைத்தது என்று சொல்லலாம். பச்சைப் புல் ஒட்டிய அவன் முழங்கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோல்டா. நல்லா உள்ள.”

அவன் முழங்காலில் ஒட்டிய புல்லைப் பிய்த்தான். “போட்டுட்டியா?”

“போட்டேன்.”

“அம்மா பாத்திருப்பா.”

“ஊரே பாத்திருக்கும்.”

“எனக்கு முன்னால ஒருத்தன் ஓடுனான். கோடு தெரியல. தெரியலன்னா குடுக்கக் கூடாது, அதான் கைய வீசுனேன்.” ஒயர்ச் சுருளை விலக்கிக்கொண்டு, “இத யார்கிட்ட போய்ச் சொல்றது?” என்றான்.

“கேக்குறவங்ககிட்ட சொல்லு.”

மறுநாள் சாயங்காலம் அவன் சேனலுக்கு நடந்தே வந்தான். வழியில் இரண்டு பேர் துப்பினார்கள். மறைத்துக்கொள்ள ஒருவர் குடை கொடுத்தார். டிஷ்காரர் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஆனாலும் கோபத்தைவிட வியாபாரம் மூத்தது, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு நடுவர் தன் தப்பைத் தானே உட்கார்ந்து பார்ப்பதை அந்த சேனல் அதுவரை காட்டியதில்லை. வர்ணனையாளர் வணக்கம் சொல்லிக் கேள்வியை ஆரம்பித்தார். தம்பி கையை உயர்த்தி அவரை நிறுத்தினான்.

“மொதல்ல அதப் போடச் சொல்லுங்க. நான் இன்னும் பாக்கல.”

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா போட்டாள்.