நீராவியில் வெந்த சீட்டு

தொற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகும் பென்சில் கடிதங்களையெல்லாம் கிருமி சாக நீராவிப் பெட்டியில் வேகவைப்பது சலவைக்காரியின் வேலை. நோயாளியாக வந்தவள், குணமாகியும் வீட்டார் அழைக்காததால், எட்டு வருடமாக அந்த வெண்புகைக்குள்ளேயே கனவுபோல நடமாடினாள். நோய்க்கு மருந்து இருந்தது. ஊராரின் மூடத்தனத்துக்குத்தான் இல்லை.

இன்று தங்கை வந்து, வேலிக்கு அப்பால் பத்தடி தள்ளி நின்றாள்.

"குணமாயிடுச்சுன்னு டாக்டர் சீட்டு இருந்தாத்தான் வீட்டுல சேர்ப்பாங்களாம்க்கா."

அக்கா சீட்டை விரித்துக் காட்டினாள். டாக்டர் எழுதிய மை கரைந்து ஒரே வெள்ளை.

"எழுத்து எங்கக்கா?"

"ஐயோ, பழக்கதோஷம்டி! இதையும் வேகவச்சுட்டேன்."

தங்கை வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலியைத் தாண்டி வந்து அக்காவின் ஈரக்கையைப் பிடித்தாள்.

"வாக்கா, பஸ் போயிடும்."

"சீட்டு?"

"கெடக்குது. நான்தான் தொட்டுட்டேனே."