ஆறு சிஸ்டமும் ஒரு கைதும்

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்கு வாடிக்கையாளர்களின் முதுகுதான் பழக்கம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஆறு சிஸ்டம் போட்டு ஏழெட்டு வருடம் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர் என்றால், அந்த வேலையில் காதுக்குத்தான் தீனி அதிகம் என்பது தெரியும். கீழே வருவதெல்லாம் அப்படிக் கிடைத்தவைதான். இதில் முக்கியமான ஒரு பகுதியை நானே பல வருடம் சந்தேகப்பட்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூடாரம் போட்டவர்கள்

2009 வாக்கில் சென்னைக் கல்லூரிப் பையன்கள் இருவர் பிச்சாவரம் தாண்டி ஒரு மணல் திட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். அந்தோணி என்கிற படகுக்காரர் கொண்டுபோய் விட்டார். மறுநாள் அழைத்துவரப் போனால் திட்டு காலி. பையன்களின் நண்பர்கள் தமிழ் இணைய அரட்டைக் களம் ஒன்றில் விவரம் கேட்டு எழுத, ஊரே என் கடைக்கு வந்துவிட்டது.

ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு, பிளைவுட் தடுப்புக்கு மேலே எட்டிப் பக்கத்து ஆள் எழுதுவதைப் பார்த்து, அதையே கொஞ்சம் மாற்றி எழுதினார்கள். வெளியூரில் படித்தவர்களுக்குச் சிதம்பரமே பேசுவதுபோல இருந்திருக்கும். பேசியது ஒரு சந்தில் ஒரு கடை. துபாயில் இருக்கும் மகனோடு பேச வாரா வாரம் லால்பேட்டையிலிருந்து வரும் ஹமீது பாய் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "என் புள்ள அங்கேருந்து கேக்குறான், 'அத்தா, உங்க ஊர்ல கொலையாமே'ன்னு. நான் உங்க கடையில ஒக்காந்துகிட்டு அவன்கிட்டதான் வெவரம் கேட்டுக்கறேன்."

நேரில் பார்த்தவர்

என் மனைவியின் தம்பி செல்வம், கடை கடையாக ரீசார்ஜ் கூப்பன் போடுகிறவன். மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கவுண்டர் மேல் சாய்ந்துகொண்டு, "மாமா, அந்தோணிய அரெஸ்ட் பண்ணிட்டாங்க. ஸ்டேஷன் வாசல்ல ஜீப்லேருந்து எறக்குறாங்க, கையில வெலங்கு" என்றான்.

வீட்டில் என் பேச்சை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. களத்தில் எனக்கு 'நடுநிலை' என்று பெயர். 'படகுக்காரர் அந்தோணி கைது. நேரில் பார்த்தவர் சொன்னது' என்று எழுதினேன். பெயரை விட்டிருக்கலாம். விடவில்லை. பத்து நிமிடத்தில் பதில்கள் வரிசை கட்டின. பையன்களின் கேமராவுக்கு ஆசைப்பட்டுக் கொன்றிருப்பார் என்றார் ஒருவர். சிதம்பரத்தையே பார்த்திராத ஒருவர் வரைபடம் போட்டு அம்புக்குறி வைத்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை இன்றைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் நம்பர் சிஸ்டத்தில் அத்தனையையும் படித்துவிட்டு எழுந்து வந்த செல்வம் சொன்னான்: "பாத்தியா மாமா, நான் சொன்னது கரெக்ட்டு. இங்க எல்லாரும் அதயேதான் சொல்றாங்க."

கிடைத்துவிட்டார்கள்

ஐந்தாம் நாள் பையன்கள் புதுச்சேரியில் ஒரு நண்பனின் அறையில் அகப்பட்டார்கள். முதல் ராத்திரியே காற்று கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. போன்கள் நனைந்து செத்துவிட்டன. காட்டில் வாழ்ந்து காட்டுவதாகக் கல்லூரி முழுக்கப் பீற்றிவிட்டு வந்ததால், விடிந்ததும் ஏதோ ஒரு மீன்படகில் ஏறிக் கரைக்கு வந்து, வெட்கத்தில் பதுங்கியிருக்கிறார்கள்.

களம் கொஞ்சமும் அசரவில்லை. அன்று மாலை ஒருவர் கேட்டிருந்தார்: "பையன்கள் கிடைத்தது சரி, கைதானவரை ஏன் இன்னும் விடவில்லை?"

ஓலை

அடுத்த வாரம் அந்தோணியே கடைக்கு வந்தார். என்னைவிடப் பெரியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செய்தி இந்தக் கடையிலிருந்துதான் போனது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலை ஓடையில் கூடாரம் மிதந்ததாம். அதைச் சுருட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து, மதியம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தாராம். எழுதி வாங்கிக்கொண்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அவ்வளவுதான்.

அவர் மகளுக்குக் கடலூரில் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பது அவர்கள் வழக்கம். முதல் ஓலை ஆகிவிட்டது. அதற்குள் மாப்பிள்ளையின் அண்ணன் குவைத்தில் உட்கார்ந்து களத்தைப் படித்துவிட்டு, இரண்டாவது ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். பங்குச் சாமியார் பேசிப் பார்த்தார். ஸ்டேஷன் ரைட்டரும் போனில் சொன்னார். 'கைதுன்னு நெட்ல இருக்கு, இல்லேன்னு எங்க இருக்கு' என்பதுதான் குவைத்திலிருந்து வந்த பதில். அந்தோணி குரலை உயர்த்தவில்லை. "என்னத் தெரிஞ்சவங்க யாரும் அத நம்பல சார். தெரியாதவன் ஒருத்தன்தான் நம்புறான். அவந்தான் சம்பந்தி வூட்டுல பெரியவன்."

ஆறு பேர்

எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. களத்தில் உண்மையை எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். 'நடுநிலை' படகுக்காரரின் சொந்தக்காரன் என்றார்கள். பொய் சொன்னபோது யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடைக்கு லீவு என்று அட்டை மாட்டிவிட்டு, ஹமீது பாயையும் என்னையும் வைத்து ஆறு சிஸ்டத்தையும் போட்டேன். ஆறு புதுப் பெயர்கள், அந்தோணி கைதாகவே இல்லை என்று சொல்ல. பாய் ஒற்றை விரலில் தட்டினார். எல்லோரும் ஒரே குரலில் பேசினால் சந்தேகம் வருமே என்று, ஒன்றாம் நம்பரில் சந்தேகப்பட்டு, ஓடிப்போய் நாலாம் நம்பரில் எனக்கே பதில் சொல்லி, கடைசியில் ஒன்றாம் நம்பரில் மன்னிப்பும் கேட்டேன். சாயங்காலம் குவைத்துக்காரர், இத்தனை பேர் சொல்வதால் ஏற்பதாக எழுதினார். மறுநாள் ஓலை வாசித்தார்கள்.

பத்திரிகை கொடுக்க வந்த அந்தோணி, கவரின் மேல் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: "சாமியாரு சொல்லி நடக்கல, ரைட்டரு சொல்லி நடக்கல. பேரே தெரியாத ஆறு பேரு சொல்லி நடக்குது சார், என் பொண்ணு கல்யாணம்."

பேரேடு

அந்தோணி ஸ்டேஷனுக்கு வந்தது டவுன் பஸ்ஸில், இரண்டு மணிக்கு. பதினோரு மணிக்கே ஜீப் எங்கிருந்து வந்தது? கல்யாணம் முடிந்த பிறகு களத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். அன்று காலை பத்தரைக்கு எங்கோ இருந்து ஒருவர், 'பாருங்கள், அந்தப் படகுக்காரரைத்தான் விலங்கு மாட்டி ஜீப்பில் கொண்டுவருவார்கள்' என்று ஊகம் எழுதியிருந்தார். எங்கள் தொழிலில் யார், எந்த சிஸ்டம், எத்தனை மணிக்கு என்று பேரேட்டில் எழுதாமல் யாரையும் உட்கார விடக்கூடாது. அந்தத் தேதியைப் பார்த்தேன். செல்வம், மூன்றாம் நம்பர், பத்தேகால்.

அப்போதும் அவனைக் கேட்கவில்லை. மனைவியின் தம்பி என்பது ஒரு காரணம். அவன் பார்க்கவில்லை என்று ஆகிவிட்டால், அந்தப் பொய்க்கு மிஞ்சுகிற ஆள் நான் ஒருவன்தான் என்பது இன்னொன்று. 2012-இல் எல்லோர் கையிலும் போன் வந்து கடையை மூடினேன். செல்வம்தான் மேஜையின் மறுமுனையைப் பிடித்தான். ஊரார் தேடியதற்கெல்லாம் மணிக்கணக்கில் இடம் கொடுத்தவன், எனக்கு வேண்டிய ஒன்றைத் தேட மூன்று வருடம் எடுத்துக்கொண்டு, வாசப்படியில் நின்று கேட்டேன்:

"மச்சான், அன்னிக்கு அந்த ஜீப்ப நீ ரோட்டுல பாத்தியா, இல்ல என் சிஸ்டத்துல படிச்சியா?"