என் மனைவி பெயரில் வந்த கதை

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் கதை எழுதியவர்கள் எல்லோரும் பெண்கள். பத்திரிகையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உண்மையில் அரசாங்க ஃபாக்டரியில் வேலை பார்த்த நாங்கள்தான் மனைவி பெயரில் எழுதிக்கொண்டிருந்தோம். சொந்தப் பெயரில் எழுத மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் எங்கே மெமோ வருமோ என்று பயம். கதையோடு, ‘இது என் சொந்தக் கற்பனை’ என்று உறுதிமொழியும் வைத்து அனுப்ப வேண்டும். என் மனைவி அடுப்பு வேலைக்கு நடுவே, “எங்க போடணும்?” என்று கேட்டு, படிக்காமலே கையெழுத்துப் போடுவாள்.

அப்படி அனுப்பியதில் ஒரு கதையை மட்டும், அச்சில் வந்த பிறகும் அவள் கண்ணில் நான் காட்டவில்லை. எங்கள் முதல் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது. அதைப் பற்றிய கதை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் பெண், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். இதழைப் பீரோ மேலிருந்த பழைய பெட்டிக்குள் போட்டுவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் நாடகம் போட்டார்கள். என் கதையைப் படித்திருந்த ஒரே நண்பனோடு போயிருந்தேன். மூன்றாவது காட்சியில் கதாநாயகி குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஜனம் மூக்கைச் சிந்தியது. நண்பன் என் தொடையைத் தட்டினான். “இன்னா அண்ணாத்தே, அப்டியே உன் கதை மாதிரியே கீது?”

கதை, வசனம் என்று பேனரில் நாடகக்காரர் தன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார். மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன். “எங்கயோ கேட்ட கதை சார். கதைக்கெல்லாம் பட்டாவா போட்டிருக்கு?” என்றார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் போனேன். கதையை எங்கும் பதிவு செய்யவில்லையே என்பதுதான் என் கவலை. “பதிவு கட்டாயமில்ல சார். எழுதின அன்னிக்கே உரிமை வந்துடும். ஆனா அச்சுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஆசிரியர்னு கோர்ட்டு எடுத்துக்கும். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

நாடகக்காரன் கதையைத் திருடிவிட்டான் என்று மட்டும் அவளிடம் சொல்லி அழைத்துப் போனேன். எந்தக் கதை என்று சொல்லவில்லை.

நான் முன்பே கொடுத்துவிட்டு வந்திருந்த இதழை வக்கீல் அவள் கையில் கொடுத்தார். “படிச்சுக்குங்கம்மா. கேள்வி கேப்பாங்க.” இப்படி ஆகுமென்று எனக்குத் தோன்றவே இல்லை, முட்டாளுக்கு. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

படித்து முடித்துவிட்டு வக்கீலிடம்தான் சொன்னாள். “குழாயைத் திறந்துவிட்டு நான் அழல சார். அழுதது இவரு. நான் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டிருந்தேன்.”

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப கேஸ் கெட்டிம்மா. நடந்ததை யார் வேணா எழுதலாம். நடக்காததையும் அவன் அப்படியே எடுத்திருக்கான் பாருங்க, அங்கதான் மாட்டுறான். அன்னிக்கு நிஜமா என்ன நடந்துச்சுன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லிட்டாப் போதும்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “சொல்லணுமாங்க?” என்று கேட்டாள்.

நான் எழுதியதிலேயே உருப்படியான கதை அது ஒன்றுதான். அதை இன்னொருத்தன் பெயரில் விட மனசு வரவில்லை. உடனே பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. பிறகுதான், “வேணாம் சார்” என்று இதழை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

ஆவடி பஸ்ஸில் பருத்திப்பட்டு தாண்டியதும் அவள் கேட்டாள்.

“அவன் உங்களை ஒரு வார்த்தை கேக்கலைன்னு வக்கீல் வரைக்கும் போனீங்க. என்னைக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த உறுதிமொழித் தாளையும் அவளிடம் நீட்ட எனக்குக் கை வரவில்லை.