கேம் மேல் போட்ட பழி

என் மகன் ஒரு பையனின் உதட்டைக் கிழித்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் பெங்களூரில், லேப் கவுண்ட்டரில் ஒருவருக்கு சுகர் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தையலாம். நாளைக் காலை வந்து தலைமை ஆசிரியையைப் பார்க்க வேண்டுமாம். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாமா என்றுகூட யோசிக்கிறார்களாம். ஒன்பதாம் வகுப்பு நடுவில் டி.சி. வாங்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது? அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அந்தத் துப்பாக்கி கேம்தான். பள்ளி விட்டு வந்தால் நான் வீடு திரும்பிய பிறகும் போனும் கையுமாகத்தான் இருப்பான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "பின்னாடி இருக்கான், போட்றா அவன" என்று கத்துவான். தோற்றுப்போனால் கதவை உதைப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் என்னையே முறைப்பான். தினமும் என்னோடு ரயிலில் வரும் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். பங்காருப்பேட்டை வருவதற்குள் பதினோரு பதில். பதினொன்றும் கேம்தான் என்றன. ஒருத்தி, தன் அக்கா மகன் இதே கேமால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அடித்த கதையை வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பினாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிள்ளை கெட்டவன் இல்லை, கேம் கெட்டது.

தங்கச் சுரங்க ஊரில், மைசூர் மைன்ஸ் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் போய் நின்றேன்.

"கேம அழிடா."

"கேம் இன்னாமா பண்ணுச்சு?"

"பேசாத. அழி."

அழித்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பள்ளியில் என்ன நடந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறையில்தான் அது எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டில் கன்னடம். எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழுக்கு வருவார். "ஏன் அடிச்சே?" என்றார்.

"என் பிரெண்டு பேத்தமங்களாலருந்து பஸ்ல வர்றான் மேடம். லேட்டாகும். அவனுக்கு ஃபேன் கீழ சீட் புடிச்சி வெச்சேன். பை வெச்சிருந்தேன். அந்தப் பையன் அத எடுத்துக் கீழ போட்டுட்டு உக்காந்துட்டான்."

"பை வெச்சா சீட் உன்னோடதா ஆயிடுமா?"

"பை வெச்சிருந்தேன் மேடம்" என்றான் மறுபடியும், இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்பதுபோல.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

காலையில் எங்கள் ரயில், அது புறப்படுகிற மாரிக்குப்பம் ஸ்டேஷனில் காலியாக நிற்கும். முதலில் ஏறுகிற நாங்கள் துப்பட்டா, டிபன் பை, தண்ணீர் பாட்டில் என்று கையில் இருப்பதைப் போட்டு, பின்னால் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிற தோழிகளுக்கு இடம் பிடித்துவைப்போம். பெங்களூர்வரை நின்றுகொண்டே போனால் அப்புறம் வேலை செய்ய இடுப்பு இருக்காது. துணி போட்டால் போட்டதுதான். அதை யாரும் தொடக்கூடாது.

போன மே மாதம் பல்லுக்குக் கம்பி போட அவனையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் ஏறிய ஒரு சின்னப் பெண், வேலைக்குப் புதுசு போலிருக்கிறது, என் துப்பட்டாவை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மடித்துத்தான் வைத்தாள், வீசவில்லை. நான் அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. "துணி போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியல?" என்று கேட்டேன். எங்கள் கும்பல் சிரித்தது. அவள் கடைசிவரை கதவோரம் நின்றுகொண்டே வந்தாள். மகனிடம் நான், "வுட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"மொபைல்ல கேம் ஆடுவானா?" என்று தலைமை ஆசிரியை என்னைக் கேட்டார்.

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. "ஆமாங்க மேடம், அதாலதான்" என்றேன். அவர் முகம் இளகியது. எல்லா வீட்டிலும் இதே தொல்லைதான் என்றார். இனிமேல் போன் கொடுக்க மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும், டி.சி. பேச்சு வேண்டாம் என்றார். துப்பாக்கி கேம் ஆடியதால் என் மகன் இப்படி நடந்துகொண்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேமுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நாள் தவறாமல் சுட்டுக்கொண்டிருந்தால் கை சும்மா இருக்குமா, எனக்குத் தெரியாது. கதவை உதைத்ததெல்லாம் அதனால்தான் இருக்கும். ஆனால் அடித்துவிட்டு, நியாயம் தன் பக்கம் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றானே, அந்த நிற்பை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு அருகே வந்ததும், "கேம்னு எழுதிட்ட" என்றான்.

"இல்லன்னா டி.சி. குடுத்துடுவாங்கடா."

பையை மாட்டிக்கொண்டு கேட்வரை கூடவே வந்தான். பிறகு, "நாளைக்கு அவன்கிட்ட சாரி சொல்லிடறேன்மா. நீ அந்த அக்காகிட்ட சொல்லிடுவியா?" என்றான்.

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. "சொல்றேன்" என்றேன்.

அவன் மறுநாளே சொல்லிவிட்டான். அடிபட்ட பையனின் அம்மாவே எனக்குப் போன் செய்து, இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதாம் என்றார்.

அந்தப் பெண் இப்போதும் சாம்பியனில்தான் ஏறுகிறாள். இடம் காலியாக இருந்தாலும் உட்காராமல் கதவோரம் நிற்கிறாள். பத்து நாளாக நானும் எழுந்து போகலாமா என்று பார்க்கிறேன். என் கும்பல் என்ன நினைக்கும் என்று வெட்கமாக இருக்கிறது. வாய் வருவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் அவன், "சொல்லிட்டியா?" என்று கேட்பான். நாளைக்கு என்பேன்.

நேற்று அவன் கேட்கவில்லை.