அழிக்கக் கூடாத கேசட்

கோடை லீவு முடியப்போகிறது. மகள் போனில் ஒரு ஆல்பத்தை ஓடவிட்டாள். நிதானமான கிட்டார், அடியில் வேண்டுமென்றே சேர்த்த கேசட் இரைச்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன வயதில், பாலக்கரை வீட்டு மொட்டை மாடியில், லீவு முடியும் நாட்களில் அக்கா இப்படியொரு கேசட்டைத்தான் கேட்பாள். யாரும் அழித்துவிடக் கூடாதென்று அதன் முனையிலிருந்த பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்து வைத்திருந்தாள். அப்பா அந்த ஓட்டைகளில் காகிதத்தைத் திணித்து, கோயில் சாமியாரின் பிரசங்கத்தை அதன்மேல் பதிவு செய்தார். "இழவு வீட்டுப் பாட்டு நமக்கு எதுக்கு?" என்றார். அக்கா அதோடு பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்று அதே அப்பா நாற்காலியில் தலையாட்டிக்கொண்டிருந்தார். "மனசுக்கு இதமா இருக்கும்மா. இன்னொரு தடவை போடு," என்றார் பேத்தியிடம்.

போனைப் பிடுங்கி நிறுத்தினேன். "இழவு வீட்டுப் பாட்டு நமக்கு எதுக்குப்பா?"

"ஏம்மா அப்படிச் சொல்ற?" என்றார், நிஜமாகவே புரியாமல்.